பச்சை ரூய்போஸ்: நொதிக்க வைக்காத மூலிகைத் தேநீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சை ரூய்போஸ் என்றால் என்ன?

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்கு வடக்கே சீடர்பெர்க் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே மணற்பாங்கான நிலத்தில் வளரும் அஸ்பாலதஸ் லீனியாரிஸ் என்ற புதர்ச்செடியின் ஊசி இலைகளையும் இளந்தண்டுகளையும் நறுக்கிக் காயவைத்ததுதான் ரூய்போஸ். துவரை, அவுரி எல்லாம் சேர்ந்த பயறுக் குடும்பத்துச் செடி இது. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சிவப்பு ரூய்போஸ். அதை நறுக்கி, ஈரப்படுத்தி, குவித்து நொதிக்க வைத்துத்தான் காயவைக்கிறார்கள். நொதிக்கும் கட்டத்தை விட்டுவிட்டு நேராகக் காயவைத்தால் அது பச்சை ரூய்போஸ். செடி ஒன்றுதான். இலை வெட்டப்பட்ட பின் வரும் சில மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

அப்படியானால் இது கிரீன் டீயின் ஒரு வகையா?

இல்லை. கிரீன் டீ, பிளாக் டீ, ஊலாங், வெள்ளைத் தேநீர் நான்கும் கமெலியா சினென்சிஸ் என்ற ஒரே தேயிலைச் செடியிலிருந்து வருபவை. நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் பார்ப்பது அந்தச் செடிதான். ரூய்போஸுக்கும் அதற்கும் தாவர உறவே கிடையாது. ‘பச்சை’ என்ற சொல் இரண்டிலும் வருவதால் குழப்பம் வருகிறது; இரண்டும் நொதிக்க வைக்காதவை என்பதைத் தாண்டி ஒற்றுமை அதிகம் இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் பலர் கிரீன் டீ போடும் முறையிலேயே இதையும் போட்டு, சப்பென்று இருக்கிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

தேநீர் நொதிக்குமா? தோசை மாவு புளிப்பது போலவா?

தேநீர்த் தொழிலில் நொதித்தல் என்று சொல்வது பெரும்பாலும் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அல்ல. இலையை நறுக்கும்போது, கசக்கும்போது, உள்ளே தனித்தனி அறைகளில் இருந்த நொதிகளும் (வினைகளைத் தூண்டும் புரதங்கள்) பாலிஃபீனால்களும் (செடிகளில் இயல்பாக இருக்கும் ஒருவகைச் சேர்மங்கள்) ஒன்று கலந்து காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிகின்றன. நிறம் பழுப்பாகிறது, மணமும் சுவையும் மாறுகின்றன. வாழைப்பூவை நறுக்கி அப்படியே வைத்தால் கறுத்துப்போகும். மோர்த் தண்ணீரில் போட்டால் கறுக்காது. கறுக்கிற அந்த வினைதான் இங்கும் நடக்கிறது. ஆகவே சரியான பெயர் ஆக்ஸிஜனேற்றம். ஆனாலும் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் நொதித்தல் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் நாங்களும் அப்படியே எழுதுகிறோம்.

உண்மையிலேயே நுண்ணுயிர்களால் நொதிக்கும் தேநீரும் உண்டு. சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பு-அர் அப்படிப்பட்டது. கொம்புச்சாவும் நுண்ணுயிர்களின் வேலைதான். ஆனால் அது போட்ட தேநீரில் சர்க்கரை சேர்த்துப் புளிக்க வைப்பது, இலையை அல்ல.

சிவப்பு ரூய்போஸை எப்படிச் செய்கிறார்கள்? பச்சைக்கு எந்த இடத்தில் வழி பிரிகிறது?

அறுவடை அங்கே கோடைக்காலத்தில், அதாவது ஏறத்தாழ ஜனவரி முதல் ஏப்ரல் வரை. தரையிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் கிளைகளை அரிவாளால் அறுத்துக் கட்டுகளாகக் கட்டிக் கொண்டுவருகிறார்கள். இதுவரை இரண்டுக்கும் ஒரே வழிதான்.

சிவப்புக்கு, கிளைகளைச் சில மில்லிமீட்டர் நீளத் துண்டுகளாக இயந்திரத்தில் நறுக்கி, திறந்தவெளித் தளத்தில் நீளமான குவியல்களாகக் கொட்டுகிறார்கள். தண்ணீர் தெளித்து, உருளைகளால் நசுக்கி, இரவு முழுவதும் விட்டுவிடுகிறார்கள். குவியலுக்குள் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனதும் பச்சை வாடை போய், தேன் கலந்த மர வாசனை எழும். பக்குவம் தெரிந்தவர்கள் மூக்கை வைத்தே நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். பிறகு குவியலைக் கலைத்து மெல்லிய படலமாகப் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் அள்ளிவிடுவார்கள்.

ஒப்பிட்டுப் பார்த்தால், பிளாக் டீக்கு இலையை வாட்டிச் சுருட்டிய பின் நொதிக்கும் நேரம் பொதுவாக ஒன்றிரண்டு மணிதான். ரூய்போஸ் ஒரு ராத்திரி முழுக்க எடுத்துக்கொள்கிறது.

பச்சைக்கு இந்த வினையைத் தொடங்க விடக்கூடாது. தொடங்கினாலும் உடனே அடக்க வேண்டும். அதற்குச் சில வழிகள் உண்டு. கிளையை நறுக்காமல் முழுசாகவே உலர்த்தி, ஈரம் போன பிறகு நறுக்குவது ஒன்று. உடையாத செல்லுக்குள் நொதியும் பாலிஃபீனாலும் சந்திக்காது, ஈரம் இல்லாத இடத்தில் வினையும் ஓடாது. நறுக்கியவுடன் சிறிது நேரம் நீராவி காட்டி நொதிகளை முடக்குவது இன்னொன்று. ஜப்பானில் கிரீன் டீக்கு நீராவி காட்டுவதும் சீனாவில் சூடான வாணலியில் வறுப்பதும் இதே காரணத்துக்குத்தான். மூன்றாவது, நறுக்கியதை மிக மெல்லிதாகப் பரப்பி முடிந்தவரை வேகமாகக் காயவைப்பது. செலவு குறைவு, ஆனால் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். படலம் கொஞ்சம் தடித்தாலும், அன்றைக்கு மேகம் போட்டாலும், அடியில் இருப்பது பழுத்துவிடும். அப்படிப் பாதி பழுத்த சரக்கு பச்சையும் இல்லை, சிவப்பின் தேன் மணமும் அதில் வராது.

கடைசியில் இரண்டையும் சலித்து, நீராவியால் கிருமி நீக்கி, மீண்டும் உலர்த்திப் பொதிகிறார்கள்.

நொதிக்க வைக்காததால் என்ன மிஞ்சுகிறது?

முக்கியமாக அஸ்பாலத்தின். ரூய்போஸுக்கே உரிய பாலிஃபீனால் இது. காய்ந்த பச்சை இலையில் எடையில் சில சதவீதம் முதல் பத்துக்கு மேல் வரைகூட இருக்கும். நொதிக்கும்போது அதில் பெரும்பகுதி அழிந்து, சிவப்பு ரூய்போஸில் பத்தில் ஒரு பங்குகூட எஞ்சுவதில்லை. அழிவது என்றால் காணாமல் போவது அல்ல. அது ஐசோஓரியண்டின், ஓரியண்டின் போன்ற வேறு சேர்மங்களாகவும், பிறகு பழுப்பு நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளாகவும் மாறுகிறது. சிவப்பு ரூய்போஸின் நிறமே அப்படி வந்ததுதான்.

இன்னொரு விஷயம் பொட்டலத்தில் எழுதியிருக்காது. அஸ்பாலத்தின் இலையில்தான் அதிகம், தண்டில் மிகக் குறைவு. ஆகவே குச்சி நிறைந்த பச்சை ரூய்போஸ், பெயரளவில் மட்டுமே பச்சை.

கிரீன் டீயில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்குமா?

இருக்காது. கிரீன் டீயின் பெயர்போன சேர்மமான ஈஜிசிஜி இதில் இல்லை. தேயிலைக்கு அந்த இதமான சுவையைத் தரும் தியனினும் இல்லை. காஃபின் அறவே இல்லை. கிரீன் டீ பற்றிய ஆய்வு முடிவுகளை எடுத்து இதற்கு ஒட்டவைக்க முடியாது. இதற்கு மாறாகச் செய்வதும் தவறு.

காஃபினை நீக்கியிருக்கிறார்களா?

இல்லை, செடியிலேயே கிடையாது. ஒரு கப் பிளாக் டீயில் சுமார் 40 முதல் 50 மில்லிகிராம் காஃபின் இருக்கும். காஃபின் நீக்கிய தேயிலையில்கூடக் கொஞ்சம் மிஞ்சும். ரூய்போஸ் சிவப்பானாலும் பச்சையானாலும் சுழியம். ராத்திரி படுக்கப்போகும் முன் குடிக்கலாம்.

துளசி, செம்பருத்தி, ஆவாரம்பூ, புதினா இவையும் நொதிக்க வைக்காதவைதானே?

ஆமாம். ஆனால் அவற்றுக்கு ‘நொதிக்க வைக்காத’ என்று அடைமொழி போடத் தேவையே இல்லை, ஏனென்றால் நொதிக்க வைத்த துளசி என்று ஒன்று கடையில் இல்லை. பறித்து நிழலில் காயவைப்பதோடு வேலை முடிந்தது. இந்த அடைமொழிக்குப் பொருள் வருவது, ஒரே செடியை இரண்டு விதமாகவும் செய்யும் இடத்தில்தான். ரூய்போஸ் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் இன்னொரு செடியான ஹனிபுஷ் மற்றொன்று. ஹனிபுஷ் ரூய்போஸைவிட அதிக வெப்பத்தில், 60 டிகிரிக்கு மேல், நீண்ட நேரம் நொதிக்க வைக்கப்படுகிறது. அதற்கும் பச்சை வடிவம் உண்டு.

மூலிகைத் தேநீர் என்றாலே காஃபின் இருக்காது என்று நினைப்பதும் தவறு. தென் அமெரிக்காவின் யெர்பா மாத்தே தேயிலைச் செடி அல்ல, ஆனாலும் காஃபின் தாராளமாக உண்டு.

எப்படிப் போடுவது?

ஒரு கப்புக்கு (200 மில்லி) 2 முதல் 2.5 கிராம். இது ஒரு டீஸ்பூன் குவித்து எடுத்த அளவு. தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, உடனே இலையைப் போட்டு மூடி, 5 முதல் 7 நிமிடம் விடுங்கள். பிறகு வடிகட்டிவிடுங்கள், இலையைக் கோப்பையிலேயே விட்டுவைக்க வேண்டாம். நான்கு பேருக்கு என்றால் 800 மில்லிக்கு 8 கிராம் போதும்.

கிரீன் டீக்கு 70–80 டிகிரி தண்ணீரும் இரண்டு மூன்று நிமிடமும் போதும், அதற்கு மேல் போனால் துவர்க்கும். இங்கே அந்தப் பயம் வேண்டாம். ரூய்போஸில் துவர்ப்பைத் தரும் டானின் குறைவு. கொதிக்கும் தண்ணீரும் நீண்ட நேரமும் இல்லாவிட்டால் இந்தக் கெட்டியான ஊசி இலையிலிருந்து சாறே இறங்காது.

நம் வீட்டு டீ வடிகட்டியின் வலை இதற்குப் பெரிது. ஊசித் துணுக்குகள் நழுவிக் கோப்பையின் அடியில் தங்கும். நெருக்கமான வலை உள்ள வடிகட்டியோ, மெல்லிய பருத்தித் துணியோ வைத்து வடிகட்டுங்கள்.

போட்டவுடன் வெளிர் மஞ்சளாக இருந்தது. அரை மணியில் ஆரஞ்சாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. இலையில் நடக்காமல் தடுத்த அதே வினை இப்போது உங்கள் கோப்பையில் நடக்கிறது. தண்ணீரில் இறங்கிய அஸ்பாலத்தின் காற்றோடு சேர்ந்து பழுப்பாகிறது. சூடும் காரத்தன்மையும் கூடினால் வினை வேகமாகும். அதனால்தான் போர் தண்ணீரில் போட்டால் சீக்கிரம் நிறம் மாறுகிறது: உப்புக் கலந்த கடினநீரில் பைகார்பனேட் அதிகம், அது சாற்றைக் காரப்பக்கம் தள்ளிவிடுகிறது. சுத்திகரித்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஒரே பொட்டலத்துச் சரக்குதானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு நிற வித்தியாசம் தெரியும். வடிகட்டியதும் நான்கைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் புளிப்பால் வினை மந்தமாகி நிறம் நிற்கும்.

பிளாஸ்கில் ஊற்றி மதியம் வரை வைத்துக் குடிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கூடுதல் விலை கொடுத்து எதற்காகப் பச்சையை வாங்கினீர்களோ, அது நேரம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும்.

புல் வாசனை அடிக்கிறது, லேசாகக் கசக்கிறது. இது இயல்பா?

புல்லும் காய்ந்த வைக்கோலும் கலந்த வாசனை இயல்பு. சிவப்பின் இனிப்பு மணம் நொதித்தலில் பிறப்பது, பச்சையில் அதை எதிர்பார்க்க முடியாது. மெல்லிய கசப்பும் உண்டு. கசப்பு தூக்கலாக இருந்தால் அளவு கூடிவிட்டது, அல்லது பத்து நிமிடத்துக்கு மேல் இலை ஊறிவிட்டது. பூஞ்சை வாடை அல்லது பழைய அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது இயல்பல்ல. ஈரம் ஏறிய சரக்கு, தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பால் சேர்க்கலாமா? இஞ்சி, ஏலக்காய்?

பால் சிவப்புக்குப் பொருந்தும். பச்சையின் மெல்லிய சுவை பாலில் அமுங்கிவிடும். இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டாலும் அப்படித்தான்; அவற்றின் மணம் மட்டுமே மிஞ்சும். புதினா இரண்டு இலை, அல்லது எலுமிச்சம்புல் ஒரு துண்டு சேர்த்தால் நன்றாகப் பொருந்தும்.

குளிர்ந்த தேநீராகக் குடிக்கலாமா? பாட்டிலில் வருவது?

வீட்டில் செய்வது நல்லது. ஒரு லிட்டருக்கு 12 கிராம், கொதிநீரில் 7 நிமிடம், வடிகட்டி, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, உடனே ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் குடித்துவிட வேண்டும். பாட்டிலில் அடைத்து வருவதைக் கெடாமல் இருக்க உயர் வெப்பத்தில் சூடாக்குவார்கள். அதில் அஸ்பாலத்தின் பெருமளவு போய்விடும். சுவைக்காக வாங்குங்கள், வேறு எதற்காகவும் வேண்டாம்.

ரத்தசோகை இருப்பவர்கள் குடிக்கலாமா?

சாப்பாட்டோடு பிளாக் டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேருவது குறையும் என்பது நன்கு தெரிந்த விஷயம். 1979இல் தென்னாப்பிரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தண்ணீரோடு கொடுத்த இரும்பில் சுமார் 9 சதவீதம் உடலில் சேர்ந்தது. ரூய்போஸோடு 7 சதவீதம். சாதாரணத் தேநீரோடு 2 சதவீதத்துக்கும் குறைவு. இந்த வகையில் ரூய்போஸ் தேவலாம். ஆனால் பச்சை வகையில் பாலிஃபீனால் கூடுதல் என்பதால், இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் இதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

சர்க்கரை, கொழுப்பு, உடல் எடை குறையும் என்கிறார்களே?

அஸ்பாலத்தின் சர்க்கரை அளவைக் குறைப்பதாக வந்த முடிவுகள் பெரும்பாலும் செல்களிலும் எலிகளிலும் செய்த சோதனைகளிலிருந்து வந்தவை. மனிதர்களிடம் நடந்ததில் அதிகம் பேசப்படுவது 2011இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு: இதயநோய் அபாயம் உள்ள 40 பேர் ஆறு வாரம் தினமும் ஆறு கப் ரூய்போஸ் குடித்தார்கள், கெட்ட கொழுப்பு குறைந்து நல்ல கொழுப்பு கூடியது. அதில் குடித்தது நொதிக்க வைத்த சிவப்பு ரூய்போஸ். பச்சையை விற்பவர் இந்த ஆய்வைக் காட்டினால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேரிடம் செய்ததை வைத்து மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. இது நல்ல பானம், மருந்து அல்ல.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள். பச்சை ரூய்போஸின் செறிவூட்டிய சாறு, சில மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை மட்டுப்படுத்துவது ஆய்வகத்தில் தெரியவந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கப் வேறு, செறிவூட்டிய காப்ஸ்யூல் வேறு. காப்ஸ்யூலை மருத்துவரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது. அளவுக்கு மிஞ்சிக் குடித்த ஒருசிலருக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததாக மருத்துவக் குறிப்புகள் உண்டு, அரிதுதான்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். மங்கிய பச்சையும் வைக்கோல் நிறமும் கலந்து இருக்க வேண்டும். செம்பழுப்புத் துண்டுகள் அங்கங்கே சில இருந்தால் பரவாயில்லை. பாதிக்குப் பாதி இருந்தால் அது காயும்போதே பழுத்தது. வெளிறிய கட்டைத் துண்டுகள் அதிகமாகத் தெரிந்தால் தண்டு மிகுதி. விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. டீ பேக்கில் இவை எதுவும் தெரியாது. பையைக் கிழித்துப் பார்க்கத் தயங்க வேண்டாம், அல்லது உதிரியாக வாங்குங்கள்.

எப்படிச் சேமிப்பது?

ஈரம்தான் எதிரி. காற்றுப் புகாத டப்பா, வெளிச்சம் படாத அலமாரி, அடுப்பங்கரைச் சூட்டிலிருந்து தள்ளி. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் முக்கியம்: காற்றின் ஈரத்தை இலை உறிஞ்சினால் டப்பாவுக்குள்ளேயே மெதுவாகப் பழுக்கத் தொடங்கும். 250 கிராமாக வாங்கித் தினமும் திறப்பதைவிட, 50 கிராம் சிறு பொட்டலங்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பைவிடப் பச்சை ஏன் விலை அதிகம்?

குவித்துவிட்டு வெயிலை நம்பியிருக்க முடியாது. நீராவி, உலர்த்தும் வசதி, வேகம் எல்லாம் வேண்டும். விற்பனையும் சிவப்போடு ஒப்பிட்டால் சிறியது.

இந்தச் செடியை நீலகிரியில் வளர்க்க முடியாதா?

வணிக அளவில் இது வளர்வது தென்னாப்பிரிக்காவின் மேற்கு, வடக்கு கேப் மாகாணங்களில்தான். காரணம் மண்ணும் மழையும். சத்துக் குறைந்த, அமிலத்தன்மை கொண்ட ஆழமான மணல் வேண்டும். மழை குளிர்காலத்தில் பெய்து கோடை வறண்டிருக்க வேண்டும். நீலகிரியில் கோடை வறட்சிக்குப் பதில் பருவமழை கொட்டும், மண்ணும் களிப்பானது. வேர்முடிச்சுகளில் வாழ்ந்து நைட்ரஜனைச் சேர்த்துத் தரும் பாக்டீரியாவும் அந்த மண்ணுக்குப் பழகியது.

சொந்த ஊரிலேயே அதைப் பயிராக்குவது எளிதாக இருக்கவில்லை. அந்நாட்டுப் பூர்வகுடிகளான கோய், சான் மக்கள் காட்டுச்செடியைப் பறித்துப் பயன்படுத்திவந்தார்கள். 1904இல் பெஞ்சமின் கின்ஸ்பெர்க் என்ற வணிகர் அதை வாங்கி விற்கத் தொடங்கினார். விதையின் மேலோடு கடினமானது, போட்டால் முளைக்காது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளான்வில்லியம் ஊர் மருத்துவர் லெ ஃப்ராஸ் நார்ட்டியர், விதையின் மேலோட்டை உரசித் தேய்த்தால் முளைக்கும் என்று கண்டறிந்த பிறகுதான் தோட்டங்கள் வந்தன. 2019இல், அந்தச் செடியின் அறிவு கோய், சான் மக்களுடையது என்று ஏற்று, வருமானத்தில் ஒரு பங்கை அவர்களுக்குத் தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இது முன்பே நடந்திருக்க வேண்டியது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் ரூய்போஸ் என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு அளித்தது. அங்கே வேறிடத்தில் விளைந்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது.

ஒருமுறை போட்ட இலையை மறுபடி பயன்படுத்தலாமா?

இரண்டாம் முறை நிறம் வரும், சுவை பாதிகூட வராது. உடனே போடுவதாக இருந்தால் பத்து நிமிடம் ஊறவிட்டு ஒருமுறை பார்க்கலாம். ஈர இலையைச் சாயங்காலம் வரை வைத்திருந்து போடாதீர்கள். நம் ஊர் வெக்கையில் அதற்குள் புளித்த வாடை வந்துவிடும். செடித்தொட்டி மண்ணில் கலந்துவிடலாம்.